கதவு நிற்கும் இடம்

பலகையில் மூன்று மொழியில் பெயர் இருக்கிறது.
மூன்றையும் யாரும் சொல்வதில்லை,
ஆல்ட்டு என்போம்.
கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் அடி;
கடைசி இலக்கத்தைப் பாசி தின்றுவிட்டது.

ஆறு இருபத்தைந்து கோச்சிக்கு
நாங்கள் பதினொரு சீசன்காரர்.
கோடு கிழித்து யாரும் நிறுத்தவில்லை.
ஆனாலும் உடைந்த சிமெந்து விளிம்பு எனக்கு,
தண்ணீர்க்குழாய் பச்சைக் குடைக்காரருக்கு,
மணல் வாளி இருமல்காரருக்கு.
கூரை எட்டே அடி.
மழையில் அதன் கீழ் ஒதுங்கமாட்டோம்,
கதவு அங்கே நிற்காது.

வேலைக்குப் போன முதல் வாரம்
தெரியாமல் குழாயடியில் நின்றேன்.
குடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
ஒரு செருமல்.
மறுநாள் என் இடம் எனக்குத் தெரிந்திருந்தது.

என் சீசனில் பெயர் ஓர் எழுத்துக் குறைவு.
திருத்திக் கேட்டால்
அட்டனுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் ரத்நாயக்க மாத்தயா,
அட்டனுக்குச் சீசன் அடித்துக்கொண்டே.

வெள்ளைக்காரர் வாசலில் தொங்கிப் படமெடுத்துப் போகும்
நீலக் கோச்சி இங்கே நிற்பதில்லை.
எத்தனை கைபேசிகளில்
மங்கலாய்க் கிடக்கிறோமோ.

போன வியாழன் பனி.
முதலில் வெளிச்சம், பிறகு சத்தம்,
பிறகு என் விளிம்பைத் தாண்டி ஒரு கதவு போனது.
இன்னொன்று.
இன்னுமொன்று.
புது டிரைவராம். தண்டவாளம் ஈரமாம்.
நின்றபோது எனக்கு நேரே ஒரு சன்னல்,
அதற்குள் கரட் மூட்டையில் சாய்ந்து
தூங்குகிறார் யாரோ.

ஓடினோம்.
பதினொரு பேரும், ஒரே பக்கமாக, முதல் தடவை.
டீச்சரின் வெள்ளைச் சப்பாத்து சேற்றில் புதைந்தது.
"புள்ள, கீழ பாத்து ஏறு" என்று
பச்சைக் குடை என் சோற்றுப் பையை வாங்கிக்கொண்டது.

எல்லாரும் ஒரே பெட்டியில்,
பழகாத கம்பியைப் பிடித்துக்கொண்டு,
விருந்து வீட்டில் செருப்பு மாறியவர்கள் போல.
"மருந்துக் கடைதானே நீங்க?"
எப்படித் தெரியும் என்றேன்.
"பையில எழுதியிருக்கே, நாலு வருசமா."
அவர் பெயர் சவரிராஜ்.
மின்சார சபையில் மீட்டர் வாசிக்கிறார்.

"அப்ப இந்த இருமலுக்கு?"
பின்னாலிருந்து வந்தது.
பெட்டியே சிரித்தது, அவரும்.

நான் சிரிக்கவில்லை.
நாலு வருசமாய் அந்த இருமலுக்கு
மனசுக்குள் மருந்து எடுத்துக் கொடுத்து வருகிறேன்.
முதல் வருசம் சிரப்.
அடுத்த வருசம் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின்.
போன மாரியிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை,
அலுமாரிப் பக்கமே கை போகவில்லை.
"ஒருக்கா நெஞ்சுப் படம் எடுத்துப் பாருங்க."
சொன்னது நான்தான்.
குரல் மட்டும் கடையில் பேசுகிற குரல்.
அப்போது சுரங்கம் வந்தது.
பெட்டியில் லைட் இல்லை.
இருட்டில் யாரும் இருமவில்லை,
அவரும் கூட.

வெள்ளிக்கிழமை டிரைவர் சரியாக நிறுத்தினார்.
விளிம்பு, குழாய், வாளி.
ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினோம்,
கொஞ்சம் வெட்கமாக.

இன்று திங்கள்.
மணல் வாளிப் பக்கம் ஆளில்லை.
"டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு! ஏழரை பஸ்ஸில!"
சவரிராஜ் கத்திச் சொன்னார்,
குழாயடியை விட்டு அசையாமல்.
டீச்சர் திரும்பிப் பார்த்தார்.
ரத்நாயக்க மாத்தயா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
என்ன என்றார்.

கோச்சி வந்தது.
என் கதவு எனக்கு நேரே.
அவர் கதவும்
வாளிக்கு நேரே,
ஓரங்குலம் பிசகாமல்.